ஸுபஹுக்குப் பின்னுள்ள ஒரு மணித்தியாலம்

 

ஸுபஹ் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலிலிருந்து வெளியேறுகின்றவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு சிலர் கால்நடையாக வீடு திரும்புவர். பலர் அடுத்த தெருவிலுள்ள வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளிலேயே செல்வர். இடையில் தேநீர்க் கடையொன்றில் மூன்று கரண்டி சீனியிட்ட பால் தேநீரும் ஒரு பனிஸும் முடிந்துவிடும். வீடு சென்றதும் மீண்டும் படுக்கை. ஏழு மணிக்கு அவசரமாக எழுந்து, பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கடையைத் திறந்து, நாள் முழுவதும் ஒரே கதிரையில் அமர்ந்துவிடுவர். பகல் உணவு வரை மேலும் இரண்டு மூன்று தேநீர்.

இவ்வாறு வாழ்கின்றவர் சோம்பேறி என்று சொல்வதற்கில்லை. அவர் இரவு பத்து மணி வரை உழைப்பவராகவும் இருக்கலாம். எனினும் அவரது உடல், உழைப்பதற்கும் உண்பதற்கும் பொருத்தமான நேரம் ஒவ்வொரு நாளும் வீணாகிக்கொண்டிருக்கின்றது. அந்த நேரத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றோம்.

எமது நாட்டின் நிலைமையை முதலில் அறிந்துகொள்வது நன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றின்படி, இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதற்கு முந்திய நிலையிலிருந்தோரையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு வந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற மற்றுமொரு ஆய்வில், வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உள்ளதெனக் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது. ஒவ்வொரு மஹல்லாவிலும் காலை இழந்தவர், கண்பார்வை மங்கியவர், வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலை செல்கின்றவர் என்று எமக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன.

இரவில் நாம் உறங்கும்போது உடல் உறங்குவதில்லை. உணவு உள்ளே வராத அந்த நேரத்தில் ஈரல், தான் சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜன் எனும் மாப்பொருளைச் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தினுள் விடுகின்றது. மூளைக்காகவே இதில் பெரும்பங்கு செலவாகின்றது. எமது எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு இருபது பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றது. விடியலை அண்மிக்கும்போது கோர்ட்டிசோல் என்ற ஓமோன் உயர்கின்றது. விழித்த பின் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சத்தை அடைகின்றது. இதனால் இரத்த அழுத்தமும் குளுக்கோஸும் சற்று ஏறுகின்றன. எதுவும் உண்ணாத நிலையில் காலையில் செய்த பரிசோதனையில் சீனி கூடியிருப்பது ஏனென்று நீரிழிவு நோயாளர் பலர் வியப்பதுண்டு. அதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அதாவது, விடியற்காலையில் உடல் எழுந்து இயங்குவதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்கின்றது. எரிபொருளை இரத்தத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு நாம் நடப்பதை எதிர்பார்த்திருக்கின்றது. நாமோ மீண்டும் படுத்துக்கொள்கின்றோம். அல்லது மேலும் சீனியை ஊற்றுகின்றோம்.

நடக்கும்போது நிகழ்வது என்ன? சாதாரணமாகக் குளுக்கோஸ் தசைக்கலங்களுக்குள் நுழைவதற்கு இன்சுலின் எனும் ஓமோன் கதவைத் திறந்துவிட வேண்டும். நீரிழிவில் பழுதடைவது இந்தத் திறப்பு வேலையே. ஆனால் தசைகள் சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவியின்றியே அக்கதவுகள் திறக்கின்றன. மருந்துக் குளிசை செய்ய முயலும் பணியைத் தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இலவசமாகச் செய்கின்றன. அதன் பயன் நடந்து முடிந்த பின்னரும் ஒரு நாள் அளவுக்கு நீடிக்கின்றது. எனவேதான் ஞாயிறு மாத்திரம் மூன்று மணித்தியாலம் நடப்பதைவிட, நாள்தோறும் அரை மணித்தியாலம் நடப்பதை வைத்தியர்கள் விரும்புகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரையான மிதமான தேகாப்பியாசத்தையும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களையும் விதந்துரைக்கின்றது. மிதமானது என்பதை அறிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எதிரே வருபவருக்கு ஸலாம் சொல்லி இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும். ஆனால் நீட்டி இராகமாக ஓத மூச்சு இடந்தரக் கூடாது. அந்த வேகமே போதுமானது.

இலண்டன் நகரின் இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளைப் பற்றிய ஆய்வொன்று 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜெரி மொரிஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் சாரதிகளையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு சாராரும் ஒரே வண்டியில், ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரே வகையான வாழ்க்கை வாழ்ந்தவர்கள். சாரதி அமர்ந்திருந்தார். நடத்துனரோ நாள் முழுவதும் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் படியேறி இறங்கினார். மாரடைப்பு நடத்துனர்களிடையே குறைவாகவே காணப்பட்டது. ஏற்பட்டபோதும் அவர்களில் அது சாரதிகளைவிடப் பிந்திய வயதில் வந்தது. முச்சக்கர வண்டியோட்டும் சகோதரர்களும், காசாளர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் வியாபாரிகளும் இந்த ஆய்வைத் தமக்கென எழுதப்பட்டதாகவே கொள்ளலாம்.

தொழுகையே எமக்குப் போதிய தேகாப்பியாசமாகுமென்று சிலர் கூறுவதுண்டு. தொழுகை இபாதத். அதன் அசைவுகள் மூட்டுகளுக்கு நன்மை தருகின்றன என்பது உண்மையே. எனினும் இதயத் துடிப்பை உயர்த்தி, வியர்வை அரும்பச் செய்யும் அளவுக்கு அவை கடினமானவையல்ல. இபாதத்தை உடற்பயிற்சியாகக் கணக்கிட்டு மனதைத் தேற்றிக்கொள்வது இரண்டுக்கும் பொருத்தமானதன்று. ஆனால் பள்ளிவாசலுக்கு நடந்து சென்று நடந்து திரும்புவது வேறு விடயம். பத்து நிமிடத் தூரத்திலுள்ள பள்ளிக்கு ஸுபஹுக்கும் இஷாவுக்கும் நடந்து சென்று திரும்புபவர் ஒரு நாளில் நாற்பது நிமிடங்கள் நடந்துவிடுகின்றார்.

உள்ளத்தின் நிலையை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயினால் பாதிக்கப்பட்ட, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 156 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 1999ஆம் ஆண்டு வெளியானது. ஒரு குழுவுக்கு மருந்து; ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை தேகாப்பியாசம்; மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பதினாறு வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தன. மருந்து சற்று விரைவாக வேலை செய்தது. இதனைக் கேட்டு எவரும் வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆயினும் காரணம் தெரியாத கவலை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவற்றுக்கு நடை உண்மையான பரிகாரங்களுள் ஒன்று என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியம். காலை வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. கண்ணில் விழும் காலை ஒளி மூளையிலுள்ள உடற்கடிகாரத்தைச் சரிசெய்கின்றது. அதன் பயனாக அன்றிரவு தூக்கம் நேரத்துக்கு வருகின்றது. இந்தக் கடிகாரம் கலங்களுக்குள் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உறங்குபவனின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகளை இடுவதாகவும், எழுந்து இறைவனை நினைவுகூர்ந்து, வுழூச் செய்து, தொழும்போது அவை ஒவ்வொன்றாக அவிழ்வதாகவும், அத்தகையவர் சுறுசுறுப்புடனும் நல்ல மனநிலையுடனும் காலையை அடைவதாகவும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளமை நீங்கள் பன்முறை கேட்ட ஹதீஸின் கருத்தாகும். உடலின் உற்சாகமும் உள்ளத்தின் நலனும் அங்கு ஒன்றாகவே குறிப்பிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தமது சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி அன்னார் பிரார்த்தித்ததை அறிவித்த ஸக்ர் (ரழி) என்ற தோழர் ஒரு வியாபாரி. தமது வணிகப் பொருட்களை அவர் பகலின் ஆரம்பத்திலேயே அனுப்பி வைப்பவராக இருந்தார், செல்வந்தராகவும் ஆனார்.

ஆனால் இரவு பன்னிரண்டரை மணி வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்து மணிக்கு எழுபவரை நடக்கச் சொல்வதில் நியாயமில்லை. அவருக்கு உண்மையிலேயே தூக்கம் போதாது. வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலத் தூக்கமாவது தேவை. இஷாவுக்குப் பின்னர் வீண் பேச்சில் ஈடுபடுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற அறிவிப்பின் பொருள் இக்காலத்தில் இன்னும் தெளிவாக விளங்குகின்றது. காலைப் பொழுதை மீட்டெடுக்க விரும்புபவர் முந்திய இரவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலையுணவுக்கு வருவோம். ஒரு நாளின் மிக முக்கியமான உணவு காலையுணவே என்ற கூற்று எல்லோருக்கும் மனப்பாடம். அதனைப் பரப்பியதில் பெட்டியில் அடைத்த தானிய உணவுகளை விற்ற கம்பனிகளுக்கும் பெரும் பங்குண்டு என்பதால் சற்று நிதானமாகவே அதனை நோக்க வேண்டும். காலையில் உண்ணாதவர் கட்டாயம் பருமனடைவார் என்பதும் நிரூபணமாகவில்லை. 2019ஆம் ஆண்டு பதின்மூன்று பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, காலையுணவு உண்டவர்களே நாள் முழுவதிலும் சற்றுக் கூடுதலாக உண்டிருந்தனர். ஆகவே கேள்வி, உண்பதா விடுவதா என்பது மாத்திரமன்று. எதை உண்பது, யார் உண்ணாமல் இருக்கின்றார் என்பவையே பெரிய கேள்விகள்.

வெறும் பாணும் சீனித் தேநீரும் வயிற்றை நிரப்பும். ஆனால் அவை விரைவில் சமிபாடடைந்து இரத்தச் சீனியை உயர்த்துகின்றன. சிறிது நேரத்தில் அது இறங்கும்போது மீண்டும் பசி எடுக்கின்றது. பத்து மணிக்குக் கொட்டாவி, கவனமின்மை, ரோல்ஸ் ஒன்றைத் தேடிச் செல்லும் ஆவல் என்பன இதன் விளைவுகளே. ஒரு மட்டத் தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். மூன்று கரண்டி வீதம் இரண்டு கோப்பை அருந்தினால் 24 கிராம். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிற்பது நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு கூறியது. நாம் எட்டு மணிக்கு முன்னரே அதனை முடித்துவிடுகின்றோம்.

இதற்கு மாற்றாக வெளிநாட்டு உணவு எதனையும் தேட வேண்டியதில்லை. அவித்த பயறு, கௌபி, கடலை ஆகியவற்றுடன் தேங்காய்ப்பூவும் சம்பலும் எமது பாட்டன்மாரின் காலையுணவு. அவற்றின் புரதமும் நார்ப்பொருளும் சமிபாட்டைத் தாமதப்படுத்திப் பசியை நெடுநேரம் அடக்கி வைக்கின்றன. குரக்கன் பிட்டு, சிவப்பரிசி இடியப்பம் என்பனவும் நல்லவையே. ஆனால் சொதியையும் சம்பலையும் மாத்திரம் நம்பாமல் பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. வல்லாரைச் சாறு சேர்த்த இலைக்கஞ்சியைச் சிங்களச் சகோதரர்கள் இன்றும் விடாமல் பேணி வருகின்றனர். எமது வீடுகளில் கஞ்சி நோன்பு மாதத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. பார்லி மாவில் செய்த தல்பீனா என்ற கஞ்சியை, நோயாளிக்கும் துயருற்றவருக்கும் கொடுக்குமாறு ஆயிஷா (ரழி) அவர்கள் கூறி வந்ததாக அறிகின்றோம். துக்க வீட்டினருக்கு உணவு கொடுத்தனுப்பும்போது அது நினைவில் இருக்கட்டும்.

தேநீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. உணவுடன் சேர்த்து அருந்தும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றது. குறிப்பாக வளர்ந்துவரும் பெண்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பெரும் இழப்பு. உணவுக்கு ஒரு மணித்தியாலத்தின் பின்னர் அருந்தினால் அந்த இழப்புக் குறையும்.

யார் உண்ணாமல் இருக்கின்றார் என்ற கேள்விக்கு எமது வீடுகளில் இரண்டு விடைகள் உண்டு. ஒருவர் உம்மா. எல்லோருக்கும் முன் எழுந்து, சமைத்து, பரிமாறி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மேல் எஞ்சியதை நின்றுகொண்டே உண்பவர் அவர். நடப்பதற்கும் அவருக்கு இடமில்லை, நேரமில்லை. வீட்டு வேலையே போதுமே என்று ஆண்கள் சொல்லிவிடுகின்றனர். முற்றம் கூட்டுவதும் தண்ணீர் அள்ளுவதும் தேகாப்பியாசமே. ஆனால் அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது அவ்வாறன்று. கணவன் காலையில் அரை மணித்தியாலம் பிள்ளைகளைப் பொறுப்பேற்றால், அயல்வீட்டுச் சகோதரிகள் நால்வராகச் சேர்ந்து ஒழுங்கை வழியே நடந்து வரலாம். கொழும்பின் நெருக்கமான தொடர்மாடி வீடுகளில் வாழ்வோருக்குப் படிக்கட்டே போதுமானது; இலண்டன் நடத்துனர்களுக்கு இருந்ததும் படிக்கட்டுத்தான்.

மற்றவர் பாடசாலைப் பிள்ளை. இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை, காலையில் உண்ணாமல் ஏழரை மணிக்குப் பாடசாலை சென்று, பத்தரை மணி இடைவேளையில் முதற் கவளத்தை வாயில் வைத்தால், பதினான்கரை மணித்தியாலம் வெறும் வயிற்றுடன் இருந்ததாகின்றது. கணிதமும் மொழியும் கற்பிக்கப்படும் காலைப் பாடவேளைகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. ஜமைக்கா நாட்டின் கிராமப்புறப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு ஓராண்டு காலம் காலையுணவு வழங்கிப் பார்த்த ஆய்வொன்று 1998ஆம் ஆண்டு வெளியானது. அப்பிள்ளைகளின் வரவும் வளர்ச்சியும் சற்று உயர்ந்தன; சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணிதத்திலும் முன்னேறினர். பிள்ளை படிப்பில் மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் அது காலையில் என்ன உண்டது என்று கேட்பது ஆசிரியரின் கடமையுமாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வேளையுணவைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் எமது மஹல்லாவிலும் இருக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வாரத்தில் சில நாட்களாவது ஒரு கோப்பைக் கஞ்சியோ அவித்த கடலையோ கிடைக்கச் செய்வது பெரிய செலவன்று.

அப்படியானால் நோன்பு? என்ற வினா உங்களுள் எழுந்திருக்கும். நோன்பில் காலையுணவு இல்லாமற் போவதில்லை. அது ஸஹருக்கு முன்தள்ளப்படுகின்றது. ஸஹர் உணவைத் தவறவிட வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்துள்ளார்கள். மேலும், ஆரோக்கியமான வளர்ந்தவரின் உடல் பல மணித்தியாலங்கள் உணவின்றி இருப்பதைத் தாங்கும் விதத்திலேயே படைக்கப்பட்டுள்ளது. வீட்டில் காலையில் உணவுண்டா என அன்னார் வினவி, இல்லையென்ற பதில் கிடைத்தால் அன்று நோன்பு நோற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. நாம் குறை கூறுவது நிய்யத்துடன் பசித்திருப்பதையன்று. கவனயீனத்தால் பசித்திருந்து, பின்னர் பத்து மணிக்குக் கண்டதையும் உண்பதையே.

நடப்பது உணவுக்கு முன்னரா, பின்னரா என்று கேட்போர் பலர். உணவுக்கு முன் பயிற்சி செய்தால் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கின்றது என்பது இங்கிலாந்தில் பருமனான ஆண்களை வைத்து ஆறு வாரங்கள் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. இன்சுலின் வேலை செய்யும் தன்மையும் மேம்பட்டது. ஆனால் எடை குறைவதில் வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. மறுபுறம், நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு பிரதான உணவின் பின்னரும் பத்து நிமிடம் நடந்தபோது, வேறு ஏதோவொரு நேரத்தில் ஒரேயடியாக அரை மணித்தியாலம் நடந்ததைவிட, உணவுக்குப் பிந்திய இரத்தச் சீனி சராசரியாக நூற்றுக்கு 12 வீதம் குறைவாக இருந்ததென நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டு தெரிவித்தது. ஆரோக்கியமானவருக்கு இரண்டும் நல்லதே. ஸுபஹுக்குப் பின் ஒரு குவளை நீர் அருந்திவிட்டு நடப்பது பலருக்கு இலகுவானது.

ஆனால் இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளைப் பாவிப்போரும் வெறும் வயிற்றுடன் நீண்ட தூரம் நடக்கலாகாது. அவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். முதலில் சிறிதளவு உண்டுவிட்டு நடப்பதோ, மருந்தின் அளவு பற்றி வைத்தியரிடம் கேட்டறிவதோ அவசியம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நின்றுவிட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது சில இனிப்புகள் எப்போதும் இருக்க வேண்டும். மாரடைப்பு ஏற்பட்டவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எழுந்தவுடன் வேகமாக நடக்கத் தொடங்காது, முதற் பத்து நிமிடங்கள் மெதுவாக நடந்து பின்னர் வேகத்தைக் கூட்டுவது நல்லது. மாரடைப்புகள் காலை நேரத்திலேயே கூடுதலாக நிகழ்கின்றன. நெஞ்சில் இறுக்கமோ, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியோ தோன்றினால் அதனை வாயுவென்று அலட்சியம் செய்யாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெளிச்சம் வருமுன் பிரதான வீதியில் நடப்போர் வெண்ணிற உடை அணிந்து, வரும் வாகனங்களை எதிர்நோக்கிய பக்கமாக நடக்க வேண்டும்.